நீலக் குடைக்காரி

செக்கரம்மா யாரையும் நம்ப மாட்டாள். அது பிறவிக் குணமா, பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராகவே காலம் தள்ளியதால் வந்து ஒட்டிக்கொண்ட வியாதியா என்பது அவள் பெற்ற மகளுக்கே தெரியாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் "இது எதுக்கு?" என்று கேட்பாள். வெளியே வந்து மருந்துக் கடைக்காரரிடமும் அதையே கேட்பாள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால், "பேசி வச்சுக்கிட்டிருக்காங்க" என்பாள்.

வேலையில் அவளிடம் ஒரு வித்தை உண்டு. நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறுவாள். பயணியின் டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஒரு தப்பான நிறுத்தத்தைச் சொல்வாள். "மார்க்கெட்லதானே ஏறினீங்க?" உண்மையாகவே ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறியவர், "இல்லம்மா, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. அதுலயே போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று சீறுவார். கீழே கிடந்த டிக்கெட்டைப் பொறுக்கி வைத்திருப்பவரோ, "ஆமா ஆமா, மார்க்கெட்தான்" என்று நிம்மதியாகத் தலையாட்டுவார். தலையாட்டினால் தொலைந்தார். சீறுகிறவரை விட்டுவிடுவாள், ஆமாம் போடுகிறவரைப் பிடித்துக்கொள்வாள். இந்த வித்தை அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. கண்டக்டர்கள் அவள் தலையைத் தூரத்தில் கண்டாலே சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொள்வார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பல்செட் கட்டுகிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, இவர் முன்னறையில் உட்கார்ந்து மெழுகை உருக்கி, அச்சுக்கான சுண்ண மாவைக் குழைத்து, அரத்தால் ராவி, பல்வரிசையாக்கிக் கொடுப்பார். மேஜை நிறைய வெள்ளைத் தாடைகள் வாய் பிளந்துகொண்டு கிடக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். குடியில்லை, சீட்டாட்டமில்லை. இருந்த ஒரே கிறுக்கு, பழைய போர் விமானம்.

ஊருக்கு வெளியே புல்தரையில் ஓடுபாதை போட்ட சின்ன விமானத் திடல் ஒன்று உண்டு. யாரோ ஒரு பணக்காரர் அந்தக் காலத்து உலகப்போரில் பறந்த ஒற்றை ஆள் விமானம் ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து அங்கே நிறுத்தியிருந்தார். மூக்கில் சுழலும் விசிறி, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடிக் கூண்டு, றெக்கையில் துப்பாக்கி இருந்த ஓட்டைகள். வானம் தெளிந்திருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பறக்கவிடுவார்கள். வேலி ஓரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம். அவர்கள் அதற்கு வைத்திருந்த செல்லப் பெயர் கிழவி.

ஞாயிறு சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே பல்செட்காரர் ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்குக் கிழவி என்னமா வந்தா தெரியுமா? முதல்ல சத்தம்தான். எங்கேன்னே தெரியல. திடீர்னு மரத்துக்குப் பின்னால இருந்து எழும்பி, ஒருக்களிச்சுச் சாஞ்சு, றெக்கை ரெண்டையும் நமக்குக் காட்டிட்டுப் போனா பாரு, எனக்கு மூச்சே நின்னுடுச்சு." கையில் அகப்பட்ட சீப்போ கரண்டியோ விமானமாகிவிடும். செக்கரம்மா காய் நறுக்கியபடி 'ம்' கொட்டுவாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி. விடுமுறை வார நடுவில். கல்யாணமான புதிதில் அவர் கூப்பிட்டிருக்கிறார், அவளும் "சத்தம் போடுற தகரத்தைப் பார்க்க லீவு போடணுமா?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சந்தேகம் வந்தது அவருடைய தாடையிலிருந்து.

வெயிலில் குனிந்து வேலை செய்கிறவருக்குப் பின்கழுத்து கறுக்கும். ரோட்டில் நடக்கிறவருக்கு மூக்கு கறுக்கும். இந்த விமானக் கிறுக்குகளுக்கு மட்டும் தாடைக்கு அடியில் கறுக்கும். மணிக்கணக்காக அண்ணாந்து நிற்பதால், நிழலிலேயே இருக்க வேண்டிய இடம் வெந்துபோகும். வருஷா வருஷம் அவர் சவரம் செய்யும்போது எரிகிறது என்று முனகுவதைக் கேட்டே, பறக்கும் காலம் வந்துவிட்டது என்று அவள் தெரிந்துகொள்வாள். இந்த வருஷம் முனகல் இல்லை. ஒருநாள் அவர் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது பார்த்தாள். தாடையின் அடிப்பக்கம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குழந்தைக்கு இருப்பதுபோல வெளுப்பாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. செருப்பில் புல் ஒட்டவில்லை. சட்டையில் வியர்வை இல்லை. ஆனால் கதை மட்டும் குறைவில்லாமல் வந்தது, போன வருஷத்தைவிடக் கூடவே வந்தது. மனுஷர் கிளம்பும்போது தலையை வாரிக்கொண்டு வேறு போனார். 

அடுத்த ஞாயிறு அவர் கதையை ஆரம்பித்ததும் வித்தையை எடுத்தாள். "இன்னிக்குப் பூரா ஒரே மூட்டமா இருந்துச்சே. கிழவி மேகத்துக்குக் கீழேயே பறந்துச்சாங்க?"

"ஆமா ஆமா, கீழேயேதான். மேலே போகவே இல்லை."

அன்றைக்கு வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. நாள் முழுக்க வெயிலில் பஸ் மாறி பஸ் ஏறி இறங்கியவள் அவள். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகளுக்கு ஃபோன் போட்டாள். மகள் சிரித்தே விட்டாள். "அப்பாவா? ஏம்மா, பல் எடுத்துட்டுப் போக வர்ற பொம்பளைங்களையே அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டாரு. உனக்கு வேற வேலையே இல்லையா?"

"நிமிர்ந்து பார்க்கலைங்கறதுதாண்டி என் சந்தேகமே" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சிரிப்பதற்கு மகளுக்கென்ன. ஊரிலுள்ள பொய்யையெல்லாம் பிடித்தவள், தன் வீட்டுப் பாயில் படுத்திருந்த பொய்யை மட்டும் பார்க்காமல் இருந்துவிட்டாள் என்றால், அப்புறம் எந்த முகத்தோடு சீருடையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது? அதுகூடப் போகட்டும். அவளுக்கு அந்த மனுஷர் வேண்டும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு போட்டாள். அவர் ஏறிய பஸ்ஸில், முகத்தை மூடிக்கொண்டு பின்வாசலில் ஏறினாள். கண்டக்டர் அவளைக் கண்டுகொண்டு நடுங்கிப்போய், கேட்காமலேயே சில்லறைப் பையைத் திறந்து காட்டினான். "அந்தப் பக்கம் போப்பா" என்று பல்லைக் கடித்தாள்.

அவர் விமானத் திடல் நிறுத்தத்திலேயே இறங்கினார். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வேலிப் பக்கம் போகவில்லை. நேராகத் தகரக் கொட்டகைக்குப் போய், பின்பக்க அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார். வேலி ஓரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஓடுபாதையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. இங்கே எதுவும் பறந்து பல மாதம் ஆகியிருக்கும் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. செக்கரம்மா சுவரோரமாக நடந்து ஜன்னலை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே பெண்வாடையே இல்லை. ஏழெட்டு ஆண்கள் பழைய நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, முகத்தைக் கூரைத் தகரத்துக்கு உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் பேசினார். ஓய்வு பெற்ற தபால்காரர் அவர், அவர்களில் மூத்தவர்.

"சூரியன் எனக்கு இடது கைப் பக்கம். பையில இன்னும் தபால் மிச்சம். சத்தம் கேட்டுச்சு. லாரின்னு நினைச்சேன். லாரி எங்கேயாவது மேலே இருந்து வருமா? நிமிர்ந்தா தலைக்கு மேல வயிறு. ஓட்டுறவன் கையுறை தெரியுது. அவன் கையை ஆட்டினான். நானும் கையில இருந்த தபாலை ஆட்டினேன், மொத்தக் கட்டும் காத்துல போயிடுச்சு."

கண்ணை மூடியபடியே எல்லோரும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மெல்ல முகத்தைத் திருப்பினார்கள். விமானம் போகிற திசைக்கு. செக்கரம்மாவுக்கு ஒரு கணம் இது ஏதோ மனநோய் விடுதியோ என்று தோன்றியது.

வாசலில் புகைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைப் பிடித்து நாலு கேள்வி கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. கிழவிக்குச் சக்கரத்தை மடக்கும் இயந்திரம் உடைந்துவிட்டது. புது உதிரிப்பாகம் கப்பலில் வருகிறதாம், வருகிறதாம், வந்தபாடில்லை. பறக்கவில்லை என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒட்டடை அடிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று இந்த மகான்கள் வெளியே மூச்சுவிடுவதில்லை என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். வாராவாரம் கூடி, பறந்தபோது பார்த்ததை முறைவைத்துச் சொல்வார்கள். சொல்பவர் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஆரம்பிக்க வேண்டும். கேட்பவர்கள் கண்ணை மூடிப் 'பார்க்க' வேண்டும். புதிதாக யார் வந்தாலும் ஒரு ஞாபகம் சொன்னால்தான் டீ.

அடச்சே, இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் போகக் காலை எடுத்துவைத்தாள். அப்போது உள்ளே அவள் புருஷன் குரல்.

"சூரியன் எனக்கு முதுகுப் பக்கம். என் வீட்டுக்காரி பக்கத்துல நிக்கிறா. நீலக் குடை பிடிச்சிருக்கா."

அவளுடைய கால் நின்றுவிட்டது.

"கிழவி ரொம்பத் தாழ்வா வர்றா. இவ குடையை மடக்கிட்டா, மறைக்குதுன்னு. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் திரும்பிப் பார்க்கிறேன், கன்னமெல்லாம் தண்ணி. ஏன் அழறேன்னு கேட்டேன். தெரியலைங்க, இவ்வளவு வயசான ஒண்ணு இவ்வளவு தைரியமாப் பறக்குதேன்னு சொன்னா."

செக்கரம்மாவிடம் நீலக் குடை இருந்ததே இல்லை. இந்த இடத்துக்கு அவள் வந்ததே இல்லை. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் அழுகிற சாதியும் அவள் இல்லை. அப்படியானால் யார் அவள்? எந்த வருஷத்துக் கதை இது? கன்னத்துத் தண்ணீர் வரைக்கும் ஞாபகம் இருக்கிறதே!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கண்கள் திறந்தன. பல்செட்காரரின் முகம் அவருடைய மேஜையில் கிடக்கும் மாவுத் தாடைகள் நிறத்துக்கு வந்துவிட்டது. "நீ... நீ எங்கேம்மா இங்கே?" என்றார்.

அந்த 'அம்மா'விலேயே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. குழாய் ரிப்பேர் செய்கிறவர் துள்ளி எழுந்தார். "அண்ணியா! வாங்க அண்ணி, வாங்க! இத்தனை வருஷமா உங்களைப் பத்திப் பேசாத வாரம் கிடையாது. குடை எங்கே அண்ணி?"

"உட்காரும்மா தங்கச்சி" என்று தபால்காரர் தன் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். "ஆனா வழக்கம் வழக்கம்தான். அன்னிக்கு நீ பார்த்ததை நீயே சொல்லணும். அப்புறம்தான் டீ."

எல்லோரும் ஆசையாக அவளையே பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். 'நான் இங்கே வந்ததே இல்லை' என்று சொன்னால் போதும். இந்த மனுஷர் இனி இந்த அறைக்குள் தலைகாட்ட முடியாது. மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் முன்னறையும் வெள்ளைத் தாடைகளும்தான் துணை. பொய் சொன்னவனைப் பிடித்து இறக்கிவிடுவதுதான் அவள் வேலை, அதில் அவள் ஆள் பார்த்ததில்லை. ஆனால் இறக்குவதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும். நீலக் குடையோடு ஒருத்தி நிஜமாகவே நின்றாளா, இல்லையா?

உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"சூரியன் இவருக்கு முதுகுப் பக்கம்" என்றாள். "நான் பக்கத்துல நின்னேன். சிவப்புக் குடை பிடிச்சிருந்தேன்."

"நீலம்!" என்று நாலைந்து குரல் ஒரே நேரத்தில் எழுந்தது.

"நீலம்தான் அண்ணி, நீங்க மறந்துட்டீங்க" என்றார் குழாய்க்காரர். "நானே கண்ணால பார்த்தேனே! வேலி ஓரமா நின்னீங்க."

"ஒரு கம்பி வளைஞ்சிருந்துச்சு" என்றார் தபால்காரர் கறாராக.

செக்கரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சீறுகிறவர்கள் உண்மையானவர்கள் அல்லவா? இத்தனை பேர் சீறுகிறார்களே! இருந்தாலும் சந்தேகப்படுவதை அவளால் நிறுத்த முடியுமா? குழாய்க்காரரைப் பார்த்து, "எங்கம்மாவும் கூட நின்னாங்களே, அவங்களையும் பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்க்காம என்ன, பெரியம்மா இந்தப் பக்கம் நின்னாங்க. பாவம், வெயில் தாங்காம."

அவளுடைய அம்மா, அந்த விமானம் இந்த ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, குழாய்க்காரர் கண்டது ஒன்றுமில்லை. கேட்டுக் கேட்டே கண்டிருக்கிறார், மற்றவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். நிஜமாகவே ஒருத்தி நின்றிருந்தால், அவள் பிடித்திருந்த குடை இவர் கண்ணுக்குள்தான் இருக்கும். வாய் தானாக நீலம் என்று திருத்திவிடும். அவள் அவர் பக்கம் திரும்பி, பஸ்ஸில் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"சொல்லுங்க. சிவப்புத்தானே?"

பல்செட்காரர் தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"ஆமா ஆமா" என்றார். "இவ சொல்றதுதான் சரி. சிவப்புதான். நான்தான் இத்தனை நாளா மாத்திச் சொல்லிட்டேன்."

ஆமாம் போட்டுவிட்டார். பொய்தான். முழுப் பொய், கலப்படமில்லாத பொய். அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. அவளுக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றாள்.

மூடினார்கள். காய் நறுக்கும்போது 'ம்' கொட்டிக் கேட்டதையெல்லாம் எடுத்து விட்டாள். முதலில் சத்தம் மட்டும் வந்ததை, மரத்துக்குப் பின்னாலிருந்து எழும்பியதை, ஒருக்களித்துச் சாய்ந்து றெக்கை இரண்டையும் காட்டியதை. இவ்வளவும் தனக்கு ஞாபகம் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். "குடையை மடக்கிட்டேன்" என்றாள். "இவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்." தகரக் கூரையை நோக்கி எல்லா முகமும் மெதுவாகத் திரும்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளைப் பிடித்த பிறகு விட்டுவிட்டோம் என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஆனாலும் டீ நன்றாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் அவருடைய டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். 

"எல்லாரும் யாரோட பார்த்தோம்னு சொல்லுவாங்க" என்று அவரே ஆரம்பித்தார். "அண்ணன், மச்சான், பிள்ளைன்னு. நான் மட்டும் தனியா நின்னேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. ஒருநாள் வாய் தவறி உன்னைச் சேர்த்துட்டேன். அப்புறம் உன்னை அங்கே இருந்து எடுக்க மனசு வரல."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேனேம்மா. இதுக்கு லீவு போடணுமான்னு கேட்ட."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு நெஞ்சில் போய்த் தைத்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அது சரி, ஏன் நீலம்?" என்று கேட்டாள்.

"கிழவி வயித்துக்கு அடிச்சிருக்கிற பெயிண்ட் நீலம். கீழே இருந்து பார்த்தா வானத்தோட கலந்துடணும்னு அந்தக் காலத்துலயே அடிச்சது. அவசரத்துக்கு எனக்கு வேற கலர் ஞாபகம் வரல."

இதையும் அவள் உடனே நம்பிவிடவில்லை. வீட்டுக்கு வந்து அவருடைய பெட்டியிலிருந்த பழைய புகைப்படங்களைப் புரட்டி, வயிறு நீலம்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே படுத்தாள்.

கப்பல் ஒருவழியாக வந்தது. வெயில் காலம் முடிவதற்குள் கிழவி மறுபடி பறக்கும் என்று மெக்கானிக் சொல்லி அனுப்பினார். செக்கரம்மா அந்த ஞாயிற்றுக்கும் லீவு போட்டாள். குடை எடுத்துப் போகவில்லை. வேலி ஓரத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். கிழவி வருவதற்குள் காலை முழுக்கக் காய்ந்தார்கள். அப்புறம் முதலில் சத்தம் மட்டும் வந்தது, அவர் எப்போதும் சொன்னது போலவே. மரத்துக்குப் பின்னாலிருந்து எழும்பி, தலைக்கு மேல் அவ்வளவு தாழ்வாக வந்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. கை அதுபாட்டுக்கு அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப வந்த கிழவியை அது இறங்கும் வரை அண்ணாந்தே பார்த்தாள்.

சாயங்காலம் முகம் கழுவும்போது தாடைக்கு அடியில் சுரீரென்று எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள், நன்றாகக் கறுத்திருந்தது. பக்கத்தில் அவர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷம், அவருடைய தாடையைப் பிடித்து விளக்குக்கு நேராக நிமிர்த்தினாள். அடிப்பக்கம் வெளுப்பாகவே இருந்தது. ஒரு காதும் ஒரு பக்கக் கன்னமும்தான் வெந்திருந்தன, நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவரையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேகிற மாதிரி.

"எங்கே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"இதென்ன கேள்வி? கிழவியைத்தான்."

செக்கரம்மா அவருடைய தாடையை விடவில்லை. "ரிப்பேர் பண்ணின கையோட வயித்துக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்காங்களே" என்றாள். "சிவப்பா. கவனிச்சீங்களா?"

"ஆமா ஆமா" என்றார் அவர். "நல்லா பளிச்சுனு இருந்துச்சு."

அவள் கண்ணால் பார்த்திருந்தாள். நீலம்தான்.